மலைக்குச் சரக்கு ஏற்றும் வண்டியை உயர்த்தலாமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றிச் செல்வதும், திரும்பும்போது கடுக்காய், புளி, சாமை ஏற்றி வருவதும் நம் வியாபாரிகள் பலருக்கு வழக்கம். வெள்ளிமலை வரை தார்ச்சாலை உண்டு. உள்ளே திரும்பினால் பல இடங்களில் கல்லும் பள்ளமும்தான். அடி தட்டுகிறதே என்று பட்டறைக்குப் போனால், "ரெண்டு இஞ்ச் தூக்கிடலாம் முதலாளி" என்கிறார்கள்.

தூக்கினால் உயர்வது எது? அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்தாலும், வளைவு கூடிய பட்டை போட்டாலும், மேலே போவது சேசிஸும் பாடியும்தான். கல்லில் இடிக்கும் பின்பக்க டிப்ரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் ஒன்றே. டயரின் குறுக்களவு 2 அங்குலம் கூடினால் டிப்ரன்ஷியல் 1 அங்குலம் உயரும்.

பாடியோடு மூட்டைகளும் மேலே போகின்றன. கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய அதுவே வழி. சில பிக்கப் வண்டிகளில், பாடி எவ்வளவு தாழ்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பாடியை உயர்த்திவிட்டு அதைச் சரிசெய்யாமல் விட்டால், முழுச் சுமையிலும் வண்டி காலி என்று வால்வு எண்ணிக்கொள்ளும். இறக்கத்தில் பின் பிரேக் போதாது. உயர்ந்த வண்டி பார்க்க எடுப்புத்தான். அரிசி மூட்டைக்கு எடுப்பு எதற்கு?

கூடுதல் பட்டை போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்பதும் தவறு. நாமும் ஒருமுறை இரண்டு பட்டை சேர்த்தோம். காலியாக வரும்போது வண்டி குதித்த குதியில் ஷாக் அப்சர்பர் ஒழுகியதுதான் மிச்சம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையே சட்டப்படி எல்லை. 2019 திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

பெரும்பாலும் அடி தட்டுவது பழைய பட்டை தளர்ந்து படுத்துவிட்டதால்தான். சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, இருபுறமும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கம்பெனி அளவிலேயே பட்டையை மாற்றுங்கள். முறிந்த பட்டை, தளர்ந்த யு போல்ட் உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றும்போது உப்பும் அரிசியும் அடியில், அச்சுக்குச் சற்று முன்னே. அப்பளம், பிஸ்கட் பெட்டிகள் மேலே.