ஸ்டெம் செல் சிகிச்சை: மார்க்கம் கூறுவது என்ன?

ஸ்டெம் செல் சிகிச்சை கூடுமா, கூடாதா என்று பலரும் கேட்கின்றனர். ஒரே சொல்லில் பதில் கூறத்தக்க மஸ்அலா அல்ல இது. அந்த உயிரணு எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே சட்டம் அமையும். ஆகவே அதன் இரு வகைகளையும் முதலில் அறிந்து கொள்வோம்.

முதல் வகை, பிறந்து வளர்ந்த மனிதரின் உடலில் உள்ளவை. நம் எலும்பு மஜ்ஜையிலுள்ள இவ்வணுக்கள் இரத்த அணுக்களை ஓயாது உண்டாக்குகின்றன. இரத்தப் புற்றுநோய்க்கு மஜ்ஜை மாற்றிச் சிகிச்சை செய்வது இவற்றைக் கொண்டுதான். ஆனால் இவற்றின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. இரத்தத்திற்குரியது இரத்த அணுக்களையே தரும். ஆய்வுக்கூடத்தில் பெருக்குவதும் கடினம்.

இரண்டாம் வகை, கருவுற்ற ஐந்தாறு நாட்களில் கருவின் உட்பகுதியில் இருப்பவை. அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்சன் 1998-ல் மனிதக் கருவிலிருந்து இவற்றைப் பிரித்து வளர்த்தார். இவை உடலின் எந்த வகை அணுவாகவும் மாறவல்லவை. ஆய்வுக்கூடத்தில் பெருகிக்கொண்டே இருப்பவை. ஆனால் மாறாத நிலையில் உடலுக்குள் சென்றால் கட்டியாக வளரும் அபாயம் உண்டு. இவற்றை எடுக்கும்போது பொதுவாகக் கரு அழிந்து விடுகிறது. சிக்கல் இங்கேதான் எழுகிறது.

முதல் வகையில் கொடுப்பவரின் சம்மதம் இருந்து, அவருக்குத் தீங்கும் நேராதெனில் தடையில்லை. 2003-ல் மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹ் சபை இவ்வாறே தீர்மானித்தது. பெற்றோர் அனுமதியுடன் தொப்புள் கொடியிலிருந்து எடுப்பதையும் அது அனுமதித்தது.

கருவின் விஷயம் அவ்வாறல்ல. 120 நாட்களுக்குப் பிறகே ரூஹ் ஊதப்படுகிறது என்பது உலமாக்களில் பெரும்பாலோரின் கருத்து. அதற்காக, முந்திய கரு மதிப்பற்றது என்றாகி விடாது. கர்ப்பப்பையில் தங்கிய கருவை ஆரம்ப நிலையிலேயே சிதைப்பதும் குற்றம் என்றார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

அப்படியானால், குழந்தைப்பேறு சிகிச்சையில் மிஞ்சி, கர்ப்பப்பையை அடையாத கரு? இதில் கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தானாக அழியும்படி விட்டுவிட வேண்டும் என்றது 1990-ல் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹ் அகாடமி. பெற்றோர் மனமுவந்து அளித்தால் பயன்படுத்தலாம் என்றது மேற்சொன்ன மக்கா சபை. ஆயினும் இதற்கென்றே கருவை உருவாக்குவதையும், தக்க காரணமின்றிக் கலைப்பதையும் அச்சபையும் தடுத்தது.

2007-ல் ஜப்பானின் யமனாக்கா, மனிதத் தோலின் அணுக்களையே கருவின் அணுக்களைப் போன்று மாற்றிக் காட்டினார். கருவை அழிக்காத ஒரு வழி இதனால் திறந்தது.

நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத்து. ஆனால் ஒருவரின் நோய் தீர இன்னோர் உயிரின் தொடக்கத்தை மலிவாக எண்ணலாகாது. எனவே சிகிச்சைக்கு உடன்படுமுன், "இது எங்கிருந்து எடுக்கப்பட்டது?" என்று மருத்துவரிடம் கேட்டறிவோம். பதில் கரு என்றிருந்தால், ஆலிம்களிடம் விளக்கம் பெற்ற பின்பே முடிவு செய்வோம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.