ஆடிக்காற்றில் அவுட்டோர் ஷூட்: முதலில் குடையைக் கழற்றுங்கள், பிறகு மணல் மூட்டையைத் தேடுங்கள்

காலம்: ஆடி பிற்பாதி முதல் புரட்டாசி வரை
யாருக்கு: திறந்தவெளியில் லைட் ஸ்டாண்ட் வைத்துப் படமெடுக்கும் ஒளிப்படக்காரர்களுக்கும் உதவியாளர்களுக்கும்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆனால் ஆவணி முகூர்த்தங்களுக்கான ப்ரீ-வெட்டிங் ஷூட்டுகள் இந்த வாரங்களில்தான் குவிகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியாகத் தமிழகத்துக்குள் பாய்வதும் இதே வாரங்களில்தான். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே பொள்ளாச்சி, உடுமலை, கோவை. செங்கோட்டைக் கணவாய்க்குக் கீழே தென்காசி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வாயில் முப்பந்தல். இவற்றோடு தேனியின் கம்பம் பள்ளத்தாக்கு. காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது இந்த ஊர்களில்தான், பச்சைப்பசேல் என்ற பின்னணி தேடி ஜோடிகள் வருவதும் இங்கேதான். ஆகவே இந்தப் பருவத்தில் லைட் ஸ்டாண்ட் சாய்வதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. அதைத் தடுக்கப் பெரும்பாலோர் முதலில் எடையைத் தேடுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் காற்று பிடிக்கும் பரப்பைக் குறையுங்கள், அடுத்து உயரத்தைக் குறையுங்கள், மூன்றாவதாகக் கால்களைச் சரியாக விரியுங்கள். எடை நான்காவது.

காரணத்தைக் கணக்கே சொல்லும். 1 மீட்டர் விட்டமுள்ள ஒரு குடை, மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றை நேராக வாங்கினால் அதன்மேல் விழும் விசை ஏறத்தாழ 2 கிலோ எடையின் இழுப்புக்குச் சமம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டரில் அது 8 கிலோவைத் தொடும். இந்த விசை 2 மீட்டர் உயரத்தில் நின்று நெம்புகிறது. எதிர்த்து நிற்க ஸ்டாண்டுக்கு இருப்பது அடித்தளம் மட்டுமே. நடுத்தண்டிலிருந்து ஒவ்வொரு கால் நுனிக்கும் அரை மீட்டர் இருந்தாலும், அது சாய்வது இரண்டு கால் நுனிகளை இணைக்கும் கோட்டின்மேல். தண்டிலிருந்து அந்தக் கோடு வெறும் 25 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. ஆக, 20 கிலோமீட்டர் காற்றில் அந்தக் குடையோடு நிற்க, ஸ்டாண்டும் விளக்கும் மூட்டையும் சேர்ந்து 16 கிலோ வேண்டும். 40 கிலோமீட்டரில் 64 கிலோ. எந்த ஷூட்டுக்கும் 64 கிலோ மணலை யாரும் தூக்கிப் போவதில்லை. ஒரே வீச்சில் காற்று இரட்டிப்பது ஆடியில் சாதாரணம் என்பதால், கொஞ்ச நேரம் அசையாமல் நின்ற ஸ்டாண்ட் அடுத்த நொடியும் நிற்கும் என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை.

இப்போது பரப்பைக் குறைத்துப் பாருங்கள். குடையை எடுத்துவிட்டு 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள சாதாரண ரிஃப்ளெக்டரை மாட்டினால், காற்றுக்குக் காட்டும் முகம் முப்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. உயரத்தைப் பாதியாக்கினால் நெம்பும் திறன் பாதியாகும். இரண்டுக்கும் பத்துப் பைசா செலவில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி நகராமல் கிடப்பதற்கு எடை மட்டும் காரணம் அல்ல, தரையோடு தரையாகக் கிடக்கும் அதற்குக் காற்றிடம் காட்ட முகமே இல்லை. ஸ்டாண்டில் மாட்டிய பெரிய மடக்கு ரிஃப்ளெக்டருக்கு இதே நியாயம் இன்னும் கடுமையாகப் பொருந்தும். அது வெறும் கப்பல் பாய். இந்தப் பருவம் முடியும்வரை அதைக் கையில் மட்டும் பிடியுங்கள்.

குடையும் சாஃப்ட் பாக்ஸும் இல்லாவிட்டால் வெளிச்சம் கடுமையாக விழுமே, மணப்பெண்ணின் முகத்தில் நிழல் வெட்டுமே என்பது நியாயமான எதிர்ப்பு. ஆனால் வெளிச்சத்தின் மென்மை, சாஃப்ட் பாக்ஸின் அளவோடு அது நிற்கும் தூரத்தையும் பொறுத்தது. 2 மீட்டர் தள்ளி வைத்த 100 சென்டிமீட்டர் சாஃப்ட் பாக்ஸ் தரும் மென்மையை, 1 மீட்டரில் வைத்த 50 சென்டிமீட்டர் பெட்டி தரும். காற்று பிடிக்கும் பரப்பு மட்டும் நாலில் ஒன்றாகிவிடும்; தூரம் பாதியானதால் ஃப்ளாஷின் சக்தியும் நாலில் ஒன்று போதும். இந்த வழி ஒருவர் அல்லது இருவர் படத்துக்கே ஒத்துவரும். குடும்பமே வரிசையாக நிற்கும் படத்தில் விளக்கை அவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியாது. அங்கே மேகத்தை நம்புங்கள்: மூடிய வானமே மிகப் பெரிய சாஃப்ட் பாக்ஸ், ஆடியில் அதற்குப் பஞ்சமில்லை. வெயில் அடித்தால் கட்டட நிழலுக்கோ தோப்பு நிழலுக்கோ போய், ரிஃப்ளெக்டர் மட்டும் மாட்டிய ஃப்ளாஷை லேசாகச் சேர்த்தால் போதும்.

கனமான சி-ஸ்டாண்ட் வாங்கிவிட்டால் கவலை இல்லை என்பது அடுத்த வாதம். அது உறுதியான இரும்புதான். ஆனால் அதன் கால் வட்டம் சாதாரண ஸ்டாண்டைவிடப் பெரிதல்ல, எடை 10 கிலோ அளவில்தான் இருக்கும். மேலே சொன்ன குடைக்கு 16 கிலோ வேண்டும் என்பதை நினைத்தால், அதுவும் மூட்டை இல்லாமல் நிற்காது என்பது தெரியும். உதவியாளர் பிடித்துக்கொள்வார் என்பது இன்னொரு வாதம். அவருக்கு அது ஒன்றே வேலையாக இருந்தால், கை நெஞ்சு உயரத்தில் தண்டைப் பிடித்திருந்தால், அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. ஆனால் புடவைத் தலைப்பைச் சரிசெய்யவும் லென்ஸ் எடுத்துத் தரவும் அவரையே கூப்பிட்டால், ஸ்டாண்டைப் பிடிக்க ஆளே இல்லை என்றுதான் பொருள்.

பரப்பும் உயரமும் குறைந்த பிறகு கால்களைப் பாருங்கள். ஸ்டாண்டின் குறுக்குக் கம்பிகள் தரைக்கு ஏறக்குறைய இணையாக வரும்வரை கால்களை விரியுங்கள். நடுக்குழாய் தரையில் முட்டக் கூடாது. மூட்டை இல்லாத ஸ்டாண்டில் ஒரு கால் காற்று போகும் திசையை நோக்கி நிற்கட்டும். இரண்டு கால்களுக்கு நடுவே சாய்ப்பதைவிட ஒரு காலின்மேல் சாய்க்க இரட்டிப்பு விசை தேவைப்படும். மூட்டை இருந்து, கணவாய்க் காற்றுபோல ஒரே திசையில் வீசினால், ஒரு காலைக் காற்று வரும் பக்கம் நீட்டி மூட்டையை அந்தக் காலின் நுனிப்பக்கம் ஏற்றுங்கள். நடுவில் தொங்கும் மூட்டையைவிட அது பல மடங்கு வலுவாக இழுத்துப் பிடிக்கும். கடற்கரையிலும் மழைக்கு முந்தைய சுழல்காற்றிலும் திசை மாறும் என்பதால், அங்கே மூட்டையை நடுத்தண்டில் தாழ்வாக, ஆடாமல் கட்டுவதே நல்லது. மூட்டை கொண்டுவராதவர்களுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் எந்த ஊரிலும் கிடைக்கும். நிரப்பினால் 20 கிலோ. அதைத் தரையில் வைத்து, தண்டின் அடியிலிருந்து கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். கயிறு தொய்வாக இருந்தால் அந்த 20 கிலோ கணக்கில் வராது. தனுஷ்கோடி, கன்னியாகுமரி போன்ற மணற்பாங்கான இடங்களில் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் சிறு பலகைத் துண்டு வையுங்கள். ஒரு கால் புதைந்தால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண்.

காற்று எவ்வளவு என்பதை எப்படி அறிவது? வானிலை அறிக்கை சொல்லும் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. தோப்புக்குள் அது குறையும், ஏரிக்கரையிலும் மலைவிளிம்பிலும் குறையாமலே வரலாம். ஆகவே அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சுற்றுப்புறத்தையும் பாருங்கள். மாலுமிகளின் போஃபோர்ட் அளவுகோல் இதற்குக் கருவி இல்லாமலே உதவும். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்தால் 12 முதல் 19 கிலோமீட்டர்: 60 சென்டிமீட்டர் வரையிலான சாஃப்ட் பாக்ஸ், ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாத உயரம், 10 கிலோ மூட்டை. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 20 முதல் 28: துணி உள்ள எதையும் கழற்றிவிட்டு விளக்கின் சிறு ரிஃப்ளெக்டர் மட்டும், மூட்டை அப்படியே இருக்கட்டும். சிறு மரங்களே ஆடத் தொடங்கினால் 29-ஐத் தாண்டிவிட்டது: ஸ்டாண்டை மடக்கிவிட்டு, விளக்கைக் கம்பில் மாட்டி ஒருவர் கையில் பிடிக்கட்டும், அல்லது இயற்கை வெளிச்சமே போதும். சென்னையிலும் உள் மாவட்டங்களிலும் மாலை இடிமழைக்கு முன்னால் குளிர்ந்த காற்று திடீரென்று அடிக்கும். அது வரும் வரை காத்திருக்காமல், மேகம் கறுக்கும்போதே ஸ்டாண்டை இறக்குங்கள். இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விட்டு, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

விளக்கு உடைந்தால் காசோடு போகும், ஆள்மேல் விழுந்தால் அப்படிப் போகாது. ஷூட்டுக்கு முந்தைய இரவே வாடிக்கையாளரிடம் இரண்டு திட்டம் சொல்லிவிடுங்கள்: காற்று அடங்கினால் எந்த இடம், அடங்காவிட்டால் எந்த நிழல். இரண்டாவது இடம் கையில் இருப்பவருக்கே குடையை மடக்கும் துணிவு தக்க நேரத்தில் வரும்.