மாத்திரைக்கு அடம்பிடிக்கும் பிள்ளை

ஏடிஎச்டி எனும் கவனச்சிதறல், அதீதத் துறுதுறுப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டால், மூக்கைப் பிடித்துப் புகட்டவே கூடாது, புரையேறிவிடும். "தண்ணியோடவா, மோரோடவா?" என்று கேட்டுப் பாருங்கள். தானே தேர்ந்தெடுக்கும்போது பிடிவாதம் தளரும். மிட்டாய் என்று ஏமாற்றாதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் பிள்ளை டப்பாவைத் திறந்து தின்றுவிடக்கூடும். "சேட்டை பண்ணினா மாத்திரைதான்" என்ற மிரட்டலும் வேண்டாம், மருந்து தண்டனையல்ல.

ஏடிஎச்டிக்குத் தரப்படும் மீதைல்ஃபெனிடேட் மருந்து பசியைக் குறைக்கும். அதனால் காலையில் வயிறு நிறைய இட்லி கொடுத்தபிறகு மாத்திரை. பொழுது சாய்ந்து கொடுத்தால் தூக்கம் கெடும்.

மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்துத் தேனில் குழைப்பது ஆபத்து: நாள் முழுக்க வேலை செய்யவேண்டிய மருந்து மொத்தமாக உடம்பில் இறங்கிவிடும். விழுங்கவே முடியவில்லையா? வேறு வடிவில் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். துப்பிவிட்டாலும் அவரைக் கேட்காமல் மறுமாத்திரை கொடுக்காதீர்கள்.