செல்ஃப் எடுக்கவில்லையா?

லாரி டிரைவர் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் உறுமுகிறது. வண்டி கிளம்புகிறது. தினமும் பார்க்கிறோம்.

ஆனால் எஞ்சின் தானாக ஓடத் தொடங்காது. முதலில் அதை யாராவது சுற்றிவிட வேண்டும். முன்பு மனிதர்கள்தான் சுற்றினார்கள். வண்டியின் முன்பக்கம் ஓர் இரும்பு ஹேண்டிலைச் செருகுவார்கள். இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுவார்கள். சில நேரம் எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். பிடித்தவரின் கை ஒடிந்துபோகும்.

1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இதற்கு மின்சார மோட்டார் வந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் அதை உருவாக்கினார். அதற்கு ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்று பெயர். நாம் சுருக்கமாக ‘செல்ஃப்’ என்கிறோம். இந்தப் பெயர் நாமக்கல்லிலும் செல்லும், நாக்பூரிலும் செல்லும். இந்தி பேசும் மெக்கானிக்கும் செல்ஃப், பேட்டரி, கார்பன் என்றுதான் சொல்வார். ஊர் விட்டு ஊர் போகும் டிரைவருக்கு இது பெரிய உதவி.

செல்ஃப் எப்படி வேலை செய்கிறது?

எஞ்சினின் பின்பக்கம் ஒரு கனமான சக்கரம் உண்டு. அதன் பெயர் ஃப்ளைவீல். அதன் ஓரத்தைச் சுற்றிலும் பல் இருக்கும். அந்தப் பல் வளையத்துக்கு ரிங் கியர் என்று பெயர். அதில் நூற்றுக்கு மேல் பற்கள் இருக்கும்.

செல்ஃப் மோட்டாரின் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம் உண்டு. அது பினியன். அதில் ஏறக்குறைய 10 பற்கள்தான். சாவியைத் திருப்பினால் பினியன் முன்னால் பாய்ந்து ரிங் கியரைக் கவ்வும். மோட்டார் சுற்றும். எஞ்சினும் சுற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சாவியை விடுகிறோம். பினியன் பின்வாங்கிவிடும்.

பினியனை முன்னால் தள்ளுவது எது? மோட்டாரின் முதுகில் உருளையாக ஒன்று இருக்குமே, அதுதான். அதற்குச் சொலினாய்டு என்று பெயர்.

இதற்கெல்லாம் மிக அதிக மின்சாரம் தேவை. வீட்டில் இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் எடுக்கும். லாரியின் செல்ஃப் பல நூறு ஆம்பியர் எடுக்கும். அதனால்தான் அதன் கேபிள் விரல் பருமன் இருக்கிறது. அதனால்தான் 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்கக் கூடாது. மோட்டார் கருகிவிடும். அடித்தால், அரை நிமிடமாவது விட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

மோட்டார்தான் கெட்டதா?

நாக்பூர் தாண்டி ஒரு லாரி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலை ஓரம். சரக்கு இருக்கிறது. செல்ஃப் எடுக்கவில்லை.

“அண்ணே, செல்ஃப் போச்சு. மோட்டாரைக் கழட்டிடலாமா?” என்கிறார் கிளீனர்.

“பொறு தம்பி. மோட்டார்தான் போச்சுன்னு யாரு சொன்னது? ஹெட்லைட்டைப் போடறேன். நீ லைட்டைப் பாரு. வண்டிக்கு நேர் முன்னால நிக்காத. ஓரமா நில்லு.”

டிரைவர் கியரை நியூட்ரலில் வைக்கிறார். ஹேண்ட் பிரேக்கைப் போடுகிறார். சாவியைத் திருப்புகிறார். ‘டக்’ என்று ஒரு சத்தம்.

“லைட்டு செத்துப்போச்சு அண்ணே!”

“அப்போ முதல்ல பேட்டரிப் பக்கம் பார்க்கணும்.”

பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறது. சின்னச் சின்ன விளக்குகளுக்கு அது வழி விடும். பல நூறு ஆம்பியருக்கு வழி விடாது. சுத்தம் செய்து இறுக்கினால் பல வண்டிகள் அப்போதே கிளம்பிவிடும். எர்த் கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். மோட்டாரைக் குறை சொல்லிப் புதிது வாங்கிவிட்டு, பிறகு டெர்மினலைச் சுரண்டுகிறவர்கள் நிறையப் பேர். பணமும் போகிறது, ஒரு நாளும் போகிறது.

இவர்கள் டெர்மினலைச் சுத்தம் செய்தார்கள். மறுபடி சோதித்தார்கள். இப்போது லைட் பளிச்சென்று எரிகிறது. ‘டக்’ சத்தம் மட்டும் வருகிறது. எஞ்சின் சுற்றவில்லை. அதாவது மின்சாரம் வருகிறது, சொலினாய்டும் இழுக்கிறது. ஆனால் மோட்டார் சுற்றவில்லை. உள்ளே கார்பன் தேய்ந்திருக்கலாம். சொலினாய்டின் உள்முனை கருகியிருக்கலாம்.

சில வண்டியில் மோட்டார் ‘விர்ர்’ என்று வேகமாகச் சுற்றும். எஞ்சின் மட்டும் சுற்றாது. அப்படியானால் பினியன் கவ்வவில்லை, அல்லது ரிங் கியரின் பல் தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லை, லைட்டும் மங்கவில்லை என்றால் சாவி சுவிட்ச், ஃப்யூஸ், சின்ன வயர் இவற்றைப் பார்க்க வேண்டும்.

எர்த் முதலில்

பேட்டரியில் கை வைப்பதற்கு ஒரு விதி உண்டு. கழற்றும்போது எர்த் முதலில். மாட்டும்போது எர்த் கடைசியில். மெக்கானிக் கடையில் எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று சிலரே சொல்வார்கள்.

நம் லாரிகளில் பேட்டரியின் மைனஸ் கேபிள் சேசிஸோடு சேர்ந்திருக்கும். அதுதான் எர்த். ஆகவே வண்டியின் இரும்பு முழுவதும் மைனஸ் ஆகிவிடுகிறது. நீங்கள் பிளஸ் நட்டை முதலில் கழற்றுகிறீர்கள். ஸ்பேனரின் ஒரு முனை பிளஸ்ஸில் இருக்கிறது. மறு முனை தவறிப்போய்ச் சேசிஸில் பட்டால்? பேட்டரியின் மின்சாரம் முழுவதும் ஸ்பேனர் வழியாகப் பாயும். ஸ்பேனர் நொடியில் பழுக்கும். கையில் காப்போ மோதிரமோ இருந்து அதில் பட்டால், விரலோடு வெந்துபோகும். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும் வகை. ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும்.

எர்த்தை முதலில் கழற்றினால் இந்த வழி அடைபட்டுவிடும். பிறகு ஸ்பேனர் சேசிஸில் பட்டாலும் பயமில்லை.

ஆகவே காப்பு, மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பீடியை அணையுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 லாரி என்றால் சாவியை அணைத்துச் சில நிமிடம் பொறுங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கருவி அதன் வேலையை முடிக்கட்டும். அப்புறம் எர்த்தைக் கழற்றுங்கள்.

மோட்டாரைக் கழற்றுவது

வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். எஞ்சின் ஆற வேண்டும். சைலன்சர் குழாய் பக்கத்தில் போனால் அதன் சூடு தோலை உரித்துவிடும்.

மோட்டாரில் வரும் வயர்களைப் பாருங்கள். பல மோட்டார்களில் முனைகளுக்குப் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். பேட்டரியிலிருந்து வரும் பருத்த கேபிளுக்கு 30. சாவியிலிருந்து வரும் மெல்லிய வயருக்கு 50. எண் அழிந்திருந்தால் வயரில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். ஒரு தாளில் படம் போட்டு வைத்தாலும் நல்லது.

முனைகளின் திருகு செம்பாலானது. செம்பு மென்மையானது. முரட்டுத்தனமாகத் திருப்பினால் திருகு முழுதும் சுற்றி, உள்ளே இணைப்பு அறுந்துபோகும். அடி நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை இன்னொன்றால் கழற்றுங்கள்.

அடுத்து மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். பெரும்பாலும் 3. சில வண்டியில் 2. கடைசிப் போல்ட்டைக் கழற்றும்போது இன்னொருவர் அடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும். மோட்டார் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். பெரிய எஞ்சினில் 20 கிலோவையும் தாண்டும். படுத்து வேலை செய்பவரின் மார்புக்கு நேரே அது தொங்குகிறது என்பதை மறக்க வேண்டாம்.

மோட்டார் வெளியே வந்ததும் அந்த ஓட்டை வழியாக ரிங் கியரைப் பாருங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் இடம் மட்டும் பார்த்தால் போதாது. எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் குறிப்பிட்ட சில இடங்களில்தான் நிற்கும். அந்த இடத்துப் பற்களே திரும்பத் திரும்ப அடி வாங்கும். ஆகவே எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பிச் சுற்றிலும் பார்க்க வேண்டும். தேய்ந்த பல்லோடு புதுப் பினியனைச் சேர்த்தால் புதுசும் சீக்கிரம் போய்விடும்.

புதியதை வாங்கும்போது

பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோங்கள். கார்பனும் புஷ்ஷும் மட்டும் தேய்ந்திருந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையிலேயே மாற்றித் தருவார்கள். செலவு குறைவு. ஆர்மேச்சர் கருகியிருந்தால் புதிய மோட்டாருக்குப் போவதே மேல் என்பது என் கருத்து.

மோட்டாரின் உடம்பில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதைப் படியுங்கள். 12 அல்லது 24 என்ற எண்ணும், பக்கத்தில் ஆங்கில எழுத்து ‘வி’யும் இருக்கும். அது வோல்ட். பெரிய லாரிகள் பலவற்றில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். 12 வோல்ட் மோட்டாரை அதில் மாட்டினால் கருகும். 24 வோல்ட் மோட்டாரை 12-இல் மாட்டினால் எஞ்சினைச் சுற்றவே தெம்பு இருக்காது. கடைக்காரர் அவசரத்தில் மாற்றிக் கொடுத்தாலும் உங்கள் கண் அதைப் பிடித்துவிட வேண்டும்.

பாக எண்ணையும் பாருங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பினியனின் பற்களை எண்ணுங்கள். போல்ட் ஓட்டைகள் ஒத்திருக்கின்றனவா? சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அது ஒன்றுதானா? இதையெல்லாம் கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.

மாட்டுவது

மோட்டார் உட்காரும் இடத்தில் துருவோ சேறோ பெயிண்டோ இருக்கக் கூடாது. கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். பல வண்டிகளில் மோட்டாரின் எர்த் அதன் உடம்பு வழியாகத்தான் போகிறது. அழுக்கு இருந்தால் புது மோட்டாரும் பழையது போலவே திணறும்.

மோட்டாரைத் தூக்கி நேராக உட்கார வையுங்கள். போல்ட்டுகளை முதலில் விரலாலேயே சில சுற்றுப் போடுங்கள். மரை சரியாகப் பிடித்த பிறகு ஸ்பேனரை எடுங்கள். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்காமல் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். மோட்டார் சாய்ந்து உட்கார்ந்தால் பல் கரகரக்கும். பிறகு 30-இல் பருத்த கேபிள். 50-இல் மெல்லிய வயர். கேபிள் சூடான குழாயில் உரசக் கூடாது. எல்லாம் முடிந்த பின் பேட்டரியில் எர்த்.

இனி செல்ஃப் அடிக்கலாம். எங்கிருந்து? டிரைவர் சீட்டிலிருந்து மட்டும்.

சிலர் வண்டிக்கு அடியில் படுத்தபடி ஸ்க்ரூ டிரைவரை வைத்து இரண்டு முனைகளையும் சேர்ப்பார்கள். எஞ்சின் கிளம்பிவிடும். பார்க்கத் திறமையாகத் தெரியும். ஆனால் கியர் விழுந்திருந்தால் வண்டியும் கிளம்பிவிடும். எஞ்சின் ஓட வேண்டும் என்பதுகூட இல்லை. செல்ஃப் மோட்டாரே லாரியை நகர்த்தும் பலம் உள்ளது. சக்கரத்துக்கு முன்னால் கிடப்பவர் எழுந்து ஓட முடியுமா? ஹேண்டில் காலத்தில் கை ஒடிந்தது. இதில் உயிர் போகும். “நியூட்ரலா?” என்று கேட்டு, “நியூட்ரல்” என்று பதில் வந்து, அடியில் இருந்தவர் வெளியே வந்து நின்ற பிறகுதான் சாவி திரும்ப வேண்டும்.

எஞ்சின் பிடித்ததும் சாவியை விடுங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். கீச்சென்ற சத்தம் தொடர்ந்தால் பினியன் பின்வாங்கவில்லை. உடனே எஞ்சினை அணைத்துவிட்டுப் பாருங்கள். சத்தம் இல்லையென்றால் வேலை முடிந்தது. ஒரு நாள் ஓட்டிய பின், எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். முனை நட்டுகளில் கை வைப்பதாக இருந்தால் எர்த்தைக் கழற்றிவிடுங்கள்.

புதிய மோட்டாரோடு ஒரு கேரண்டி அட்டை வரும். அதில் வாங்கிய தேதி, வண்டி எண், கடை முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அட்டையையும் ரசீதையும் ஒன்றாகச் சேர்த்து வண்டியின் ஆர்.சி. புத்தகம் இருக்கும் பையிலேயே வையுங்கள். மாட்டிய அன்று மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் காட்டியது என்பதையும் ரசீதின் பின்பக்கம் உங்கள் கையால் எழுதி வையுங்கள்.