ஒரே பயிற்சி நாட்காட்டி, பல கருவிகள்

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயிகளுக்கும் உரிய பயிற்சிகள் பல இடங்களிலிருந்து அறிவிக்கப்படுகின்றன. வட்டார வளர்ச்சி அலுவலகம் ஒன்றை நடத்தும். வேளாண்மை விரிவாக்க மையம் மற்றொன்றை நடத்தும். வேளாண் அறிவியல் நிலையம் வேறொன்றை நடத்தும். ஓர் அலுவலகத்தார் தேதிகளைக் கூகுள் நாட்காட்டியில் குறிக்கின்றனர். மற்றோர் அலுவலகத்தார் அவுட்லுக்கில் குறிக்கின்றனர். இன்னும் சிலர் எக்செல் அட்டவணையாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகின்றனர். தேதி மாறியதும் எது சரி என்பது எவருக்கும் விளங்குவதில்லை. ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிய மண்டபத்தைக் கண்டு திரும்பும் அங்கத்தினர் அடுத்த பயிற்சிக்கு வருவாரா? கைக்குழந்தையை அண்டை வீட்டில் ஒப்படைத்து வரும் பெண் அங்கத்தினரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்குறையை நீக்கும் சாதனம் புதிதன்று. ஐ-காலண்டர் என்னும் பொது அமைப்பு 1998-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்று, 2009-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டது. கூகுள், அவுட்லுக், ஆப்பிள் ஆகிய மூன்று நாட்காட்டிகளும் இதைப் படிக்கவல்லவை. ஆயினும் இதை உபயோகிக்க இரண்டு வழிகள் உண்டு. அவற்றின் வேற்றுமையை அறியாமையே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் என்பது எனது கருத்து.

முதல் வழி, ஐ.சி.எஸ். கோப்பை அனுப்பி, பெறுபவர் அதைத் தம் நாட்காட்டியில் சேர்த்துக்கொள்வது. இது வெறும் நகல். சென்ற ஆண்டு எடுத்த சிட்டா நகலில் இவ்வாண்டு நிகழ்ந்த மாறுதல் தோன்றாதன்றோ? அதுபோலவே இதுவும். இரண்டாவது வழி, நாட்காட்டியின் இணைய முகவரியைக் கொடுத்துச் சந்தா சேரச் செய்வது. மூலத்தைத் திருத்தினால் சந்தாதாரர் அனைவரிடமும் அத்திருத்தம் சென்று சேரும். ஆகவே வட்டாரத்திற்கு ஒரே நாட்காட்டி இருத்தல் வேண்டும். அதைத் திருத்தும் பொறுப்பு ஓர் உதவியாளரிடம் மட்டும் இருத்தல் வேண்டும். ஏனைய அலுவலகத்தார் தங்கள் தேதிகளை அவருக்குத் தெரிவித்தால் போதும்.

கூகுள் நாட்காட்டியில் இந்த முகவரியை எடுப்பதும், பிறருடைய முகவரியைச் சேர்ப்பதும் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டிய வேலைகள். ஒருமுறை சேர்த்தபின் கைப்பேசியிலும் அது தோன்றும். ஒரு குறை உண்டு. இவ்வாறு சேர்க்கப்பட்ட நாட்காட்டியில் திருத்தம் தோன்றப் பல மணி நேரம் ஆகலாம். நாளைக் காலைப் பயிற்சியை இன்று மாலை ரத்து செய்தால், நாட்காட்டியை நம்பியிராமல் தொலைபேசியிலும் சொல்லியாக வேண்டும். ரத்தான பயிற்சியை உடனே அழித்துவிடுவதும் தவறு. குறிப்பு மறைந்துபோனால், தாம்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று அங்கத்தினர் ஐயுறுவார். தலைப்பில் ‘ரத்து’ என்று சேர்த்து, அந்நாள் கழியும்வரை விட்டுவைப்பதே நலம்.

நேரக் கணக்கிலும் கவனம் தேவை. இந்திய நேரம் உலகப் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியது. உலகப் பொது நேரத்தில் அமைக்கப்பட்ட கருவியில் நமது காலை 10 மணிப் பயிற்சி 4.30 மணி என்று தோன்றும். முழுநாள் பயிற்சிகளில் வேறொரு நுட்பம் உள்ளது. ஐ.சி.எஸ். கோப்பில் முடிவுத் தேதி கணக்கில் சேராது. 10 முதல் 12 வரை நடக்கும் பயிற்சிக்கு முடிவு 13 என்று இருக்க வேண்டும். 12 என்று எழுதினால் கடைசி நாள் விடுபட்டுப்போகும்.

நாட்காட்டியை எல்லோரும் காணுமாறு திறந்துவைப்பதால், பயனாளிகளின் பெயர், கைப்பேசி எண், ஆதார் எண் ஆகியவற்றை அதில் எழுதலாகாது. பயிற்சியின் பெயர், இடம், நேரம், அலுவலகத் தொலைபேசி எண் ஆகியவை போதும்.

ஸ்மார்ட்போன் இல்லாத விவசாயிகள் இன்னும் பலர் உள்ளனர். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவுறுத்தியது. அது நல்ல முடிவே. அதற்கு ஈடாக ஒலிபெருக்கியும் அறிவிப்புப் பலகையும் இருக்கின்றன. பஞ்சாயத்துச் செயலாளர் திங்கட்கிழமைதோறும் அதே நாட்காட்டியிலிருந்து அவ்வாரத் தேதிகளை அச்சிட்டு, அச்சிட்ட தேதியையும் மேலே குறித்து, பலகையில் ஒட்டிவரலாம்.