அம்மாவின் கம்மலும் ரெண்டு மஞ்சள் கல்லும்

ராசிக்கல் வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க.

குரு பெயர்ச்சிக்கு முன்னாடி கனக புஷ்பராகக் கம்மல் போட்டுக்கணும்னு எங்க அம்மாவுக்கு ஆசை. பென்ஷன்ல சேர்த்து வச்ச பணத்துல, தாம்பரத்துல ஒரு கடையில ரெண்டு மஞ்சள் கல் வாங்கிட்டாங்க. ஒவ்வொண்ணும் 5 காரட், அதாவது 1 கிராம். பழக்கமான ஆசாரிகிட்ட கம்மல் கட்டக் கொடுத்தோம். கையில வாங்கினதுமே, "அம்மா, 5 காரட்டுக்கு இது பெருசா இருக்கே"ன்னார்.

அவர் செஞ்ச சோதனையை வீட்டிலேயும் செய்யலாம். மில்லிகிராம் வரை காட்டும் தராசுல ஒரு டம்ளர் தண்ணி வச்சு, எடையைப் பூஜ்யம் ஆக்கினார். ரெண்டு கல்லையும் மெல்லிய நூல்ல கட்டி, அடியில படாம தண்ணிக்குள்ள தொங்கவிட்டார். தராசு 0.75 கிராம்னு காட்டுச்சு. மொத்தம் 2 கிராம் கல்லை 0.75-ஆல் வகுத்தா ஏறக்குறைய 2.65. அது குவார்ட்ஸோட அடர்த்தி. புஷ்பராகமா இருந்தா 4 வந்திருக்கணும்.

ஆக, அம்மா வாங்கினது சிட்ரின். நம்ம ஸ்படிக மாலையும் இதே இனம்தான். புஷ்பராகமோ மாணிக்கம், நீலம் இவற்றோட இனம். கடினத்துல 9, சிட்ரின் 7. விலை வித்தியாசத்தைச் சொல்லவே வேண்டாம்.

அப்போ ஸ்படிகத்துக்கு மஞ்சள் எப்படி வந்தது? சுத்தமான ஸ்படிகத்துக்கு நிறமே கிடையாது. பூமிக்குள்ள அது வளரும்போது துளியளவு அலுமினியமோ இரும்போ உள்ளே சேர்ந்துடுது. சுத்தியுள்ள பாறையோட இயற்கைக் கதிர்வீச்சு பல லட்சம் வருஷம் பட்டுப் பட்டு நிறம் பிறக்குது. இப்படித் தானா மஞ்சளானது அபூர்வம். பெரும்பாலும் வெளிர் நிறமா இருக்கும். கடைகள்ல பளிச்சுனு ஆரஞ்சு அடிக்கிறது பெரும்பாலும் செவ்வந்திக்கல். ஊதா நிறமுள்ள அதை 400, 500 டிகிரி வரை சூடேத்தினா, உள்ளே இருக்கிற இரும்பு மாறி மஞ்சளாயிடும். பிரேசில்ல இது பெரிய தொழில். கல் போலி இல்லை, நிறம்தான் அடுப்புல வந்தது. அதைச் சொல்லி வித்தா தப்பே இல்லை.

கல் வேலை நமக்குப் புதுசு இல்லீங்க. சிவன்மலை முருகனைப் பார்க்கப் போறவங்க காங்கேயம் பக்கம் கல் பட்டறைகளைப் பார்த்திருப்பீங்க. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல, நொய்யல் கரையில இருக்கிற கொடுமணல்ல அகழாய்வு செஞ்சப்போ, 2000 வருஷத்துக்கு முந்தின மணிப் பட்டறையே கிடைச்சது. ஸ்படிகம், செவ்வந்திக்கல், பச்சைக்கல்னு பாதி வேலையில நின்ன மணிகள்!

கடையில போய்க் கேட்டோம். "புஷ்பராகம்னு பில்லுல எங்க போட்டிருக்கோம்?"னு திருப்பிக் கேட்டாங்க. பார்த்தா 'மஞ்சள் கல் 2' அவ்வளவுதான். நீங்க வாங்கும்போது கல்லோட பேர், எடை, சூடேத்தினதா இல்லையா, எல்லாத்தையும் பில்லுல எழுதி வாங்குங்க. புஷ்பராகம்னா பரிசோதனைக் கூடச் சான்றிதழும் கேளுங்க. பின்பக்கம் மூடிக் கட்டின நகையில கல்லுக்கு அடியில மினுக்குத் தாள் வச்சு நிறம் ஏத்துவாங்க, ஜாக்கிரதை.

அம்மா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. மூணாவது நாள் அவங்களே ஆசாரிக்குப் போன் போட்டு, "பின்னாடி திறந்தே கட்டுங்க, வெளிச்சம் வரட்டும்"னாங்க. பத்தவைக்கிற வேலையெல்லாம் முடிச்சு, கடைசியிலதான் கல்லைப் பதிச்சார். இல்லேன்னா தீயில கல் விரிஞ்சுடுமாம். போன வெள்ளிக்கிழமை குரோம்பேட்டை குமரன் குன்றத்துக்கு அதைத்தான் போட்டுக்கிட்டு வந்தாங்க. யாரோ, "புஷ்பராகமா மாமி?"ன்னு கேட்டாங்க. "இல்லை, சிட்ரின்"னு அம்மாவே சொன்னாங்க.