குறையின்மையும் உற்பத்தித் திறனும்: கோலார் தங்கவயல் தரும் பாடம்

ஒரு தொழில் முயற்சி நலிவுறுவதற்கு மூலதனப் பற்றாக்குறை, சந்தை வசதியின்மை, பயிற்சிக் குறைவு ஆகியவற்றைக் காரணங்களாகக் கூறுவது வழக்கம். இவற்றோடு நான்காவது காரணம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிலும் எள்ளளவும் குறை இருத்தலாகாது என்ற பிடிவாதத்தால், தொடங்க வேண்டியதைத் தொடங்காமலும் முடிக்க வேண்டியதை முடிக்காமலும் காலம் கழிப்பதே அது. கணக்குப் புத்தகத்தில் இதற்கெனத் தனிப் பத்தி இல்லாமையால் இதனால் விளையும் இழப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பொருளாதார நூல்கள் இதனை வேறு சொற்களால் விளக்குகின்றன. ஒரு பணியில் செலுத்தப்படும் உழைப்பு கூடக்கூட, ஒவ்வொரு கூடுதல் அலகும் தரும் பயன் ஒரு கட்டத்திற்குப் பின் குறைந்துகொண்டே செல்லும். 1978 ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், நிர்வாகிகள் உள்ளபடியே எவ்வாறு முடிவெடுக்கின்றனர் என்பதை ஆராய்ந்தவர். எல்லா வழிகளையும் அறிந்து மிகச் சிறந்ததைத் தேர்வது மனித ஆற்றலுக்கும் காலத்திற்கும் இயலாது. முன்னரே வகுத்துக்கொண்ட தேவையை நிறைவு செய்யும் வழி கிடைத்தவுடன் அதனை ஏற்பதே நடைமுறை அறிவு என்பது அவர் கருத்தின் சாரம். இக்கருத்துக்குக் கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

தாதுவும் எல்லைத் தரமும்

1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்றது முதல் 2001 இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும் வரை, தங்கவயலில் ஏறத்தாழ 800 டன் பொன் எடுக்கப்பட்டது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு இதில் பெரும்பங்கு வகித்தது. இரயில் பாதை முடிவடையும் மாரிகுப்பம், மைசூர்ச் சுரங்கத்தை ஒட்டி வளர்ந்த குடியிருப்பாகும்.

பூமியிலுள்ள பொன் முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என எந்தச் சுரங்க மேலாளரும் திட்டமிடுவதில்லை. ஒரு டன் பாறையை வெட்டி, மேலேற்றி, பொடியாக்கி, சயனைடு கரைசலில் பிரித்தெடுக்க ஆகும் செலவு, அதில் கிடைக்கும் பொன்னின் மதிப்பைவிட மிகுதியானால் அப்பாறை விடப்படும். இதனைச் சுரங்கத் துறையினர் எல்லைத் தரம் என்பர். அரைவை முடிந்த மண்ணிலும் சிறிதளவு பொன் எஞ்சும். அதனையும் பெற முயன்றால் அரைவைச் செலவும் இரசாயனச் செலவும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஓரிடத்தில் நிறுத்தப்பட்டது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட மண்ணே, மக்கள் சயனைடு மேடு என்றழைக்கும் 13 குன்றுகளாக நிற்கிறது. இவற்றின் எடை மூன்று கோடி டன்னுக்கும் மேல்.

எஞ்சியது வீணாகவும் இல்லை. பொன்னின் விலை உயர்ந்து தொழில்நுட்பமும் மேம்பட்ட நிலையில், இம்மேடுகளிலிருந்து மீண்டும் பொன் எடுக்கும் திட்டத்திற்கு 2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. அன்றே முழுமையாக எடுக்க முற்பட்டிருந்தால் சுரங்கம் நட்டத்தில் மூழ்கியிருக்கும்.

பத்தரை மாற்றுப் பொன்னை உயர்ந்ததென நாம் போற்றினாலும், அன்றாடம் அணியும் நகை அதில் செய்யப்படுவதில்லை. 24 காரட் தூய பொன் மென்மையானது, எளிதில் நெளியும். ஆயிரத்திற்கு 916 பங்கு பொன்னும் எஞ்சிய பங்கு பிற உலோகங்களும் கலந்த 22 காரட் பொன்னே நகைக்கு உறுதி தருகிறது. பயன்பாடே தேவையான தரத்தை நிர்ணயிக்கிறது என்பது இதன் பொருள்.

சான்று சிறிது, வெளியீடு உரிய காலத்தில்

பொருள் உற்பத்திக்குப் பொருந்தும் இவ்விதி, எழுத்து வடிவில் வெளிவரும் ஆக்கங்களுக்கும் பொருந்தும். இதற்கான சான்றும் தங்கவயலிலேயே உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து நியூட்ரினோ ஆய்வு நடத்தியது. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ஃபிரடெரிக் ரைன்ஸ் குழுவினரும் அதே தேடலில் ஈடுபட்டிருந்தனர். அவர்கள் தம் முதல் நிகழ்வை 1965 பிப்ரவரியிலேயே பதிவு செய்தனர். எனினும் ஆய்வுக் கட்டுரை வெளியீட்டில் 1965 ஆகஸ்டில் கோலார் குழு இரு வாரங்கள் முந்தியது.

அப்போது அக்குழுவின் கையிலிருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க நிகழ்வுகளே. நூறு நிகழ்வுகள் சேரட்டும் என அவர்கள் காத்திருக்கவில்லை. கிடைத்த சான்று எவ்வளவோ அவ்வளவே வெளியிடப்பட்டது. ஆய்வு மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. பின்னர் 1980களில் இதே தங்கவயலில் புரோட்டான் சிதைவு குறித்து நடந்த சோதனையில் சில நிகழ்வுகள் ஐயத்திற்கிடமான சான்றுகளாகவே முன்வைக்கப்பட்டன. பிற நாட்டுச் சோதனைகள் அவற்றை உறுதி செய்யவில்லை. தெரிந்ததன் எல்லையைக் குறித்தே கூறப்பட்டமையால், அம்முயற்சியின் நேர்மைக்கு இழுக்கு ஏற்படவில்லை.

தமிழ்ப் பதிப்புலகிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887 இல் பதிப்பித்தார். மேலும் ஏடுகளைத் தேடித் திருத்திய இரண்டாம் பதிப்பு 1907 இல் வந்தது. இடைப்பட்ட 20 ஆண்டுகளும் நூல் மாணவர் கையில் இருந்தது.

சிறுதொழிலுக்குப் பொருத்துதல்

சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயலைச் சேர்ந்த பல்லாயிரவர் நாள்தோறும் இரயிலில் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர். உள்ளூரிலேயே தொழில் தொடங்க விழைவோருக்குக் காலம் மிக விலையுயர்ந்த மூலதனமாகும்.

எடுத்துக்காட்டாக, மகளிர் குழுவொன்று ஊறுகாய் தயாரிக்க 50,000 ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம். ஆண்டு வட்டி 12 சதவீதம் எனில் மாதம் 500 ரூபாய். புட்டியின் வடிவம், சீட்டின் வண்ணம், விளம்பரத் துண்டறிக்கையின் வாசகம் ஆகியவை திருப்தியாக அமையவில்லை என ஆறு மாதம் தாமதித்தால், ஒரு புட்டியும் விற்காமல் 3,000 ரூபாய் வட்டி சேரும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. வாங்குவோர் உப்பைக் குறைக்கச் சொல்வார்களா, சிறு புட்டி கேட்பார்களா என்பதை விற்பனை ஒன்றே கற்பிக்கும். அக்கல்வி ஆறு மாதம் தள்ளிப்போகிறது.

விலைப்பட்டியல், அறிவிப்பு, செல்பேசியில் பரப்பும் காணொளி ஆகியவற்றுக்கும் இக்கணக்கே பொருந்தும். பொருளும் விலையும் கிடைக்கும் இடமும் தெளிவாக இருந்தால் முதல் அறிவிப்பின் பணி முடிந்தது. நடையழகு அடுத்த அறிவிப்பில் கூடட்டும்.

தளர்த்தக் கூடாதவை

இவ்விதியைக் கவனக்குறைவுக்குச் சலுகையாகக் கொள்ளலாகாது. தொழிலாளரை ஆழத்திற்கு இறக்கும் கம்பி வடத்தில் 'போதுமான அளவு' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊறுகாயில் ஈரம் புகாமை, எண்ணெயின் தூய்மை, எடை, தயாரிப்பு நாள், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை அவ்வகையின. அறிவிப்பில் கூறும் செய்தியின் உண்மையும் அத்தகையதே.

சயனைடு மேடுகளே இதற்கும் எச்சரிக்கையாகும். பொன்னைக் குறித்த கணக்கில் அவற்றை ஒதுக்கியது சரியே. ஆனால் காற்று மிகுந்த காலத்தில் அம்மேடுகளின் தூசி அருகிலுள்ள வீடுகளில் படிகிறது. அச்செலவு சுரங்கத்தின் கணக்கில் ஏறவில்லை. எனவே எதனைக் குறையுடன் விடலாம் என ஆராயும்போது, அக்குறையின் சுமை யார்மீது விழும் என்பதை முதலில் வினவ வேண்டும். தொழில் நடத்துவோரின் பெருமைக்கு மட்டும் குறை எனில் விடலாம். வாங்குவோரின் உடல்நலத்திற்கோ அயலாரின் வாழ்வுக்கோ குறை எனில் விடலாகாது.

நடைமுறை

இதற்குக் கடைப்பிடிக்க வேண்டியவை சிலவே. தளர்த்தக் கூடாதவற்றைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்தல், ஏனையவற்றுக்கு நாள் வரையறுத்தல், சிறு அளவில் வெளியிடுதல், பெறப்படும் குறைகளைக் குறிப்பேட்டில் பதிந்து அடுத்த தயாரிப்பில் திருத்துதல் ஆகியவை போதும். எல்லையைப் பணி தொடங்குமுன் வகுப்பது இன்றியமையாதது. பணியின் நடுவில் வகுக்கப்படும் எல்லை, ஐயம் எழுந்தபோதெல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். கடன் விண்ணப்பத்தின் குறிப்பு மொழிநடைக்காக ஏழாம் முறை திருத்தப்படும் வாரத்தில், விண்ணப்பித்தவர் விடியற்காலை இரயிலில் பெங்களூர் சென்று கூலி வேலை செய்துகொண்டிருப்பார். தகுதியும் தொகையும் பிழையின்றி இருப்பின், அக்கோப்பு அன்றே கையொப்பமாகி வெளியேறுவது முறையாகும்.